நாற்பது சர்வரில் டீமிங் போடும் ஸ்கிரிப்ட்டும் நுனிக்கிளையில் உட்காரும் நாமும்

ஒரு விண்டோஸ் சர்வரில் இரண்டு நெட்வொர்க் கார்டைச் சேர்த்து டீம் போடுவது, அதாவது ஒன்று செத்தாலும் மற்றது தாங்கும்படி ஒரே இணைப்பாக்குவது, ஐந்து நிமிட வேலை. அதையே விண்டோஸின் கட்டளை மொழியான பவர்ஷெல்லில் ஸ்கிரிப்ட்டாக எழுதி நாற்பது சர்வருக்கு ஒரே தட்டில் அனுப்பும்போது, எந்தக் கம்பி வழியாகப் பேசிக்கொண்டிருக்கிறோமோ அதையே அறுக்கிறோம் என்பது பலருக்கு நினைவுக்கு வருவதில்லை.

டீம் உருவானதும் அதில் சேர்ந்த கார்டுகளின் பழைய ஐபி போய்விடும், புதிதாக வரும் டீம் இன்டர்ஃபேஸ், தானாக ஐபி கொடுக்கும் டிஎச்சிபியிடம் போய் நிற்கும். ஐபி போடும் அடுத்த கட்டளையை உங்கள் லேப்டாப்பிலிருந்து அனுப்புவதாக இருந்தால் அது போய்ச் சேரவே சேராது. நான் ஒருமுறை இப்படி ஆறு சர்வரைத் தொலைத்துவிட்டு, டெல் சர்வர்களின் தனி ரிமோட் வழியான ஐட்ராக் கன்சோலில் ஒவ்வொன்றாக நுழைந்து ஐபி தட்டினேன் (அதில் இரண்டுக்கு ஐட்ராக் பாஸ்வேர்டே யாரிடமும் இல்லை). அதனால் பழைய ஐபி, கேட்வே, டிஎன்எஸ் எல்லாவற்றையும் முதலில் ஒரு ஃபைலில் எழுதி வைத்து, முழு ஸ்கிரிப்ட்டையும் சர்வருக்குள்ளேயே காப்பி செய்து, வேலைகளைத் தானாக ஓட்டும் டாஸ்க் ஷெட்யூலரில் ஓட விடுங்கள். "நிச்சயமா?" என்று கேட்கும் கன்ஃபர்ம் கேள்வியையும் அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் பதில் சொல்ல ஆளில்லாமல் ஸ்கிரிப்ட் அங்கேயே நிற்கும்.

அடுத்தது பெயர். 'ஈதர்நெட் 2' என்பது எல்லா சர்வரிலும் ஒரே போர்ட் என்று நம்பாதீர்கள். ஒரே மாடல், ஒரே நாளில் வாங்கியது என்றாலும் விண்டோஸ் எதை முதலில் கண்டுபிடித்ததோ அதைப் பொறுத்துப் பெயர் மாறும், அப்புறம் பேக்கப் போர்ட்டைத் தூக்கி டீமில் போட்டுவிட்டு முழிக்க வேண்டியதுதான். கார்டின் அடையாள எண்ணான மேக் முகவரியையோ அது செருகியிருக்கும் பிசிஐ ஸ்லாட்டையோ வைத்துத் தேடுங்கள். ஏற்கெனவே டீம் இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள், ஏனென்றால் ஸ்கிரிப்ட்டை இரண்டாம் முறை ஓட்டத்தான் போகிறீர்கள்.

எல்ஏசிபி (சர்வரும் ஸ்விட்ச்சும் பேசிக்கொண்டு போர்ட்டுகளைச் சேர்க்கும் முறை) வைத்தால் ஸ்விட்ச் பக்கமும் அதே போர்ட்டுகளில் அதை வைத்தாக வேண்டும், நெட்வொர்க் ஆட்களோடு உட்கார்ந்து ஒரே நேரத்தில் செய்ய வேண்டும். அவ்வளவு ஒருங்கிணைப்பு முடியாது என்றால் ஸ்விட்ச் பக்கம் டீமுக்கென்று எதையும் அமைக்கத் தேவையில்லாத ஸ்விட்ச் இண்டிபெண்டன்ட் முறை போதும், என்னைக் கேட்டால் பெரும்பாலான இடங்களுக்கு அதுவே நல்லது.

ஹைப்பர்-வி (ஒரே சர்வரில் பல விர்ச்சுவல் மெஷின்களை ஓட்டுவது) ஓடும் சர்வர் என்றால் கதையே வேறு. இதுவரை சொன்ன, விண்டோஸ் சர்வர் 2012இல் வந்த எல்பிஎஃப்ஓ டீமிங்கை அதற்கு இனி எடுக்காதீர்கள், விண்டோஸ் சர்வர் 2022இல் அந்த டீம் மேல் விர்ச்சுவல் ஸ்விட்ச் (விர்ச்சுவல் மெஷின்களை நெட்வொர்க்கோடு இணைப்பது) கட்டுவதை மைக்ரோசாஃப்ட் ஆதரிப்பதில்லை. 2016இலிருந்து இருக்கும் 'செட்' (ஸ்விட்ச் எம்பெடட் டீமிங்) தான் வழி. அது விர்ச்சுவல் ஸ்விட்சுக்குள்ளேயே டீமை வைக்கிறது. எட்டு கார்டு வரை சேரும், ஆனால் எல்லாம் ஒரே மாதிரிக் கார்டாக இருக்க வேண்டும், எல்ஏசிபி கிடையாது. பழைய ஸ்கிரிப்ட்டை அப்படியே ஓட்டினால் வேலைக்கு ஆகாது.

சரி, நாற்பதிலும் டீம் 'அப்' என்று காட்டுகிறது, முடிந்ததா? இல்லை. லிங்க் இருந்தாலே அது 'அப்' தான். ஒரு கேபிள் தப்பான விலானில் (ஸ்விட்ச்சுக்குள் பிரித்து வைத்த தனி நெட்வொர்க்) செருகப்பட்டிருந்தாலும் பச்சையாகவே இருக்கும், இன்னொரு ஸ்விட்ச் ரீபூட் ஆகும் ராத்திரியில்தான் தெரியும். முதல் இரண்டு சர்வரிலாவது பிங்கை ஓட விட்டு, கேபிளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பாருங்கள், மீதி முப்பத்தெட்டு அதற்குப் பிறகு.