சின்ன வயது ஆர்வத்தைத் தோண்டி எடுப்பது எப்படி

"சின்ன வயதில் உங்களுக்கு என்ன பிடிக்கும்?" என்று யாரைக் கேட்டாலும் ஒற்றைச் சொல்லில் பதில் வரும். கார், நாய்க்குட்டி, ராக்கெட், டிராயிங். இதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. கார் பிடித்த பிள்ளைகள் எல்லோரும் மெக்கானிக் ஆவதில்லை, ஆகவும் வேண்டியதில்லை. மூன்று பிள்ளைகளுக்குக் கார் பொம்மை பிடிக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருத்தி எல்லாவற்றையும் வரிசையாக நிறுத்தி, எது முதலில் போக வேண்டும் என்று சட்டம் போடுவாள். ஒருவன் எந்தக் கார் எவ்வளவு வேகம் போகும் என்று மனப்பாடம் செய்து, வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் ஒப்பிப்பான். இன்னொருத்தி சக்கரத்தைக் கழற்றிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பாள். மூன்று பேரும் "கார் பிடிக்கும்" என்றுதான் சொல்வார்கள். கை செய்த வேலை மட்டும் வேறு வேறு. தேட வேண்டியது அந்த வேலையைத்தான்.

என்னையே எடுத்துக்கொள்கிறேன். வீட்டிலிருந்த டேப் ரெக்கார்டர், டைம்பீஸ், டார்ச் லைட் எதுவும் என்னிடம் தப்பியதில்லை. "இவ இன்ஜினியராத்தான் வருவா" என்று பெரியவர்கள் முடிவே கட்டிவிட்டார்கள். ஆனால் பிரித்த மெஷினைவிட எனக்கு முக்கியம் பக்கத்தில் வைத்திருந்த பழைய காலண்டர் அட்டை. அதில் டேப் ரெக்கார்டரின் அடிப்பாகத்தைப் பென்சிலால் வரைவேன். கழற்றும் ஒவ்வொரு ஸ்க்ரூவையும், அது எந்த மூலையில் இருந்ததோ அட்டையிலும் அதே இடத்தில் குத்தி நிறுத்துவேன். பக்கத்தில் 1, 2, 3 என்று கழற்றிய வரிசை. பார்க்க ஒரே மாதிரி இருக்கும் ஸ்க்ரூக்களில் ஒன்றிரண்டு மட்டும் கொஞ்சம் நீளமாக இருக்கும். அதைக் குட்டையானது இருந்த துளையில் போட்டு முறுக்கினால் உள்ளே இருக்கும் போர்டைக் குத்திவிடும். அதனால் நீளமானதற்குச் சிவப்பு வட்டம். திரும்ப மாட்டும்போது அட்டையைக் கடைசியிலிருந்து முதலுக்குப் படித்தால் போதும்.

இப்போது என் வேலை ஆய்வகக் கருவிகளுக்கு சர்வீஸ் மேனுவல் எழுதுவது. எந்த மூடியை முதலில் கழற்ற வேண்டும், எந்த ஸ்க்ரூ எங்கே போக வேண்டும் என்று முன்பின் தெரியாத ஒருவருக்குப் புரிகிற மாதிரி எழுத வேண்டும். அந்தச் சிவப்பு வட்டம்தான் இப்போது 'எச்சரிக்கை' என்ற தலைப்போடு கட்டம் கட்டி வருகிறது.

சரி, உங்களுடைய அட்டையை எப்படிக் கண்டுபிடிப்பது?

நினைவை மட்டும் நம்பாதீர்கள். இன்றைக்கு யாராக இருக்கிறோமோ அதற்குத் தோதாகப் பழைய கதையைத் திருத்திவைத்துக்கொள்வது மனித சுபாவம். டாக்டரான பிறகு கேட்டால் பொம்மைக்கு ஊசி போட்டதுதான் ஞாபகம் வரும். அதனால் சாட்சி தேடுங்கள். அக்கா, தம்பி, அத்தை, யார் கூட இருந்தார்களோ அவர்களைக் கேளுங்கள். ஆனால் "எனக்கு எதில் ஆர்வம் இருந்தது" என்று கேட்டால் வாங்கிய பரிசுகளைத்தான் சொல்வார்கள். "நான் எதற்கெல்லாம் திட்டு வாங்கினேன்?" என்று கேளுங்கள். பாராட்டு வாங்கியதைப் பெரியவர்களுக்காகவும் செய்திருக்கலாம். திட்டு வாங்கியும் விடாமல் செய்தது உங்களுக்காகச் செய்தது. பழைய நோட்டு ஏதாவது பரணில் அகப்பட்டால் நேராகக் கடைசிப் பக்கத்துக்குப் போங்கள். கற்பனை அணிகளின் ஸ்கோர், யாருக்கும் புரியாத ரகசிய எழுத்து, வகுப்பில் எல்லோருக்கும் வைத்த பட்டப்பெயர்கள் என்று விஷயம் அங்கேதான் இருக்கும்.

கிடைத்ததையெல்லாம் ஒரு தாளில் எழுதுங்கள். பிறகு ஒவ்வொன்றிலும் பொருளை மறைத்துவிட்டுச் செயலை மட்டும் படியுங்கள். சிம்பன்சி ஆய்வாளர் ஜேன் குடாலுக்கு நாலைந்து வயது இருக்கும்போது, கோழி எப்படி முட்டையிடுகிறது என்று பார்க்கக் கோழிக்கூண்டுக்குள் போய் மணிக்கணக்கில் ஒளிந்துகொண்டார். வீட்டில் ஆளைக் காணோமென்று தேடியிருக்கிறார்கள். பொருளை வைத்துப் பார்த்தால் கோழிப் பண்ணைதான் வைத்திருக்க வேண்டும். கோழியை மறைத்துவிட்டால் மிஞ்சுவது, அசையாமல் உட்கார்ந்து ஓர் உயிர் தானாகச் செய்வதைப் பார்ப்பது. 1960-இல் ஆப்பிரிக்காவின் கோம்பே காட்டில் சிம்பன்சிகளிடையே அவர் செய்ததும் அதுதான்.

இன்னும் தூரம் போன உதாரணம், போக்கிமான் விளையாட்டை உருவாக்கிய ஜப்பானியர் சதோஷி தாஜிரி. சிறுவயதில் பூச்சி பிடிக்கும் பைத்தியம். அவர் பூச்சியியல் அறிஞர் ஆகவில்லை. வீடியோ கேம் செய்யப் போனார். கையில் வைத்து விளையாடும் கேம் பாய் கருவிகள் இரண்டை இணைக்கும் கேபிளைப் பார்த்தபோது அதன்மேல் பூச்சிகள் ஊர்ந்து போவதாகத் தோன்றியதாம். தேடிப் பிடிப்பது, சேர்ப்பது, நண்பனிடம் கொடுத்து மாற்றிக்கொள்வது என்ற மூன்று செயல்களும் அப்படியே 1996-இல் போக்கிமானாக வந்தன.

இந்தத் தேடலில் பலர் சலித்துப்போவது, நடுவில் இருக்கும் நீண்ட இடைவெளியைப் பார்த்து. "அப்போது பிடித்தது, அப்புறம் இருபது வருஷம் தொடவே இல்லையே, அப்படியானால் அது நிஜமான ஆர்வம் இல்லை" என்பார்கள். அப்படியெல்லாம் கணக்குப் போட முடியாது. ரைட் சகோதரர்களுக்கு 1878-இல் அப்பா ஒரு பறக்கும் பொம்மை கொண்டுவந்து கொடுத்தார். கார்க், மூங்கில், காகிதம், ரப்பர் பேண்ட், அவ்வளவுதான். அது உடைந்ததும் தாங்களே அதைப் போலச் செய்து பார்த்தார்கள். பெரிதாகச் செய்யச் செய்ய அது சரியாகப் பறக்கவில்லை. அதோடு விட்டுவிட்டார்கள். பிறகு அச்சகம் வைத்தார்கள், சைக்கிள் கடை வைத்தார்கள். பறப்பதைப் பற்றித் தீவிரமாகப் படிக்க ஆரம்பித்தது 1899-இல்தான். விமானம் 1903-இல். சைக்கிள் கடையும் வீண்போகவில்லை. இரண்டு சக்கரத்தில் போகிறவன் நொடிக்கு நொடி சமநிலையைச் சரிசெய்துகொண்டே இருக்க வேண்டும் என்ற பழக்கமான விஷயம், விமானத்தைக் கட்டுப்படுத்துவது பற்றி அவர்கள் யோசித்த விதத்தில் இருக்கிறது.

ஆனால் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். தானாக ஓய்ந்த ஆர்வம் வேறு, பிடுங்கப்பட்டது வேறு. உளவியலாளர் லிண்டா காட்ஃபிரெட்சன் 1981-இல் இதைப் பற்றி எழுதினார். 6 முதல் 8 வயதுக்குள் "இது ஆண் வேலை, இது பெண் வேலை" என்றும், 9 முதல் 13 வயதுக்குள் "இது நம்ம தகுதிக்கு இல்லை" என்றும் பிள்ளைகள் தாங்களே தொழில்களைப் பட்டியலிலிருந்து அடித்துவிடுகிறார்கள் என்பது அவர் சொன்னது. பிடித்தமா இல்லையா என்ற கேள்வி அதற்குப் பிறகுதான் வருகிறது. ஆகவே உங்கள் தாளில் "பொண்ணுக்கு இது எதுக்கு", "இது பிழைப்புக்கு ஆகாது" என்ற குரல் கேட்டு நின்றவை எவை என்று குறித்துவையுங்கள். முதலில் திரும்ப முயல வேண்டியவை அவைதான். சலித்துப்போய் நீங்களே விட்டவற்றை நிம்மதியாக விட்டுவிடலாம்.

முயல்வது என்றால் வேலையை ராஜினாமா செய்வது இல்லை. தயவுசெய்து கோர்ஸுக்குப் பணமும் கட்டாதீர்கள். வீட்டில் இருக்கும் சாமானை வைத்து ஒரு வார இறுதியில் செய்யக்கூடிய அளவுக்குச் சின்னதாக ஒன்று. முடித்தபின் "ஜாலியாக இருந்ததா?" என்று கேட்காதீர்கள். புதிது எதுவும் முதல் நாள் ஜாலியாகத்தான் இருக்கும். "இதைப் பற்றி எனக்கே ஒரு கேள்வி வந்ததா?" என்று கேளுங்கள். உளவியல் ஆய்வாளர்கள் சூசன் ஹைடியும் ஆன் ரென்னிஞ்சரும் 2006-இல் ஆர்வம் வளர்வதை நான்கு கட்டங்களாகப் பிரித்தார்கள். ஆரம்பத்தில் வெளியிலிருந்து யாரோ, எதுவோ தூண்ட வேண்டும். போகப் போக ஆளே தன் கேள்விகளோடு தேடிப் போகிறார். கேள்வி வரவில்லையென்றால் இன்னும் ஆரம்பக் கட்டம்தான். கூட ஒரு ஆள் சேர்த்துக்கொண்டு மறுபடி செய்து பாருங்கள்.

அடுத்தது, பொழுதுபோக்கா தொழிலா என்ற கேள்வி. 1973-இல் உளவியலாளர் மார்க் லெப்பரும் இரு சகாக்களும் மழலையர் பள்ளிப் பிள்ளைகளிடம் செய்த சோதனை பிரபலம். படம் வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொல்லி வரைய வைத்த பிள்ளைகள், பிறகு சும்மா விட்டபோது மற்றவர்கள் வரைந்ததில் ஏறக்குறைய பாதி நேரம்தான் வரைந்தார்கள். சொல்லாமல் கொடுத்த பரிசு கெடுக்கவில்லை. பிள்ளைகளின் சான்றிதழும் பெரியவர்களின் சம்பளமும் ஒன்றல்ல. ஆனாலும் ஓர் ஆர்வத்தை முழுசாகச் சம்பளத்துக்கு எழுதிக்கொடுப்பதற்கு முன் அதைக் கூறு போட்டுப் பார்ப்பது நல்லது. என் ஆர்வத்தில் அட்டை பாதி தொழிலுக்குப் போனது. மேனுவல் எழுதுகிறவளை யாரும் ஸ்க்ரூடிரைவர் எடுக்க விடுவதில்லை, அது டெக்னீஷியன் வேலை. அந்த மிச்சப் பாதியைப் பழைய சுவர்க் கடிகாரங்களிடம் தீர்த்துக்கொள்கிறேன். காசு வாங்குவதில்லை. வாங்கினால் தேதி சொல்ல வேண்டும்.

வீட்டில் பிள்ளைகள் இருந்தால் இன்னும் கொஞ்சம். பூச்சி பார்க்கிறான் என்றதும் மைக்ராஸ்கோப், புத்தகம், கோடை வகுப்பு என்று மொத்தமாக இறக்காதீர்கள். "நீ சயின்டிஸ்ட்" என்று பட்டம் கட்டவும் வேண்டாம். என்ன செய்தான் என்று மட்டும் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். கோழிக்கூண்டிலிருந்து வைக்கோலோடு ஓடிவந்த மகளை குடாலின் அம்மா திட்டவில்லை, உட்கார்ந்து முழுக் கதையையும் கேட்டார். அப்புறம், இரவில் மேஜையைச் சுத்தம் செய்யும்போது பாதியில் நிற்கும் சாமான்களை டப்பாவில் கொட்டாதீர்கள். எது எங்கே இருக்கிறதோ அப்படியே ஒரு தட்டில் மாற்றி, அவர்களுக்குக் கை எட்டும் இடத்தில் வையுங்கள்.