இசைத்தட்டுத் தொகுப்புக்கு ஆல்பம் தேர்ந்தெடுப்பது எப்படி: பக்கம் பக்கமாகக் கேட்டு முடிவு செய்யுங்கள்

"கட்டாயம் வைத்திருக்க வேண்டிய நூறு ஆல்பங்கள்" என்ற பட்டியலைப் பார்த்து மேலிருந்து கீழாக வாங்கத் தொடங்கினால் அலமாரி சீக்கிரம் நிறைந்துவிடும். ஆனால் பாதித் தட்டுகள் இரண்டு தடவைக்கு மேல் சுழலாது. அந்தப் பட்டியல்கள் இசையின் பெருமையை மட்டும் பார்த்துப் போடப்பட்டவை. அந்த இசை தட்டில் எப்படி உட்கார்ந்திருக்கிறது, எந்த அச்சில் (அதாவது எந்த நாட்டில், எந்த ஆண்டில் அழுத்திய பதிப்பில்) நன்றாக ஒலிக்கிறது, உட்கார்ந்து கேட்க நமக்குப் பொறுமை வருமா என்பதெல்லாம் அவற்றில் இருக்காது.

ரெக்கார்டில் நாம் கேட்பது பாட்டுப் பாட்டாக அல்ல, பக்கம் பக்கமாக. 1948இல் கொலம்பியா நிறுவனம் கொண்டுவந்த 12 அங்குல எல்பி (லாங் ப்ளே, நீண்ட நேரம் ஓடும் தட்டு) நிமிடத்துக்கு 33⅓ முறை சுழலும். ஒரு பக்கத்தில் சுமார் 20 நிமிட இசை அடங்கும். ஊசியை வைத்தபின் நடுவில் ஒரு பாட்டைத் தாண்டுவது தொல்லை. அதனால் வாங்குமுன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: ஒரு பக்கம் முழுவதையும் எழாமல் கேட்பேனா?

இதைச் சோதிக்கச் செலவு எதுவும் இல்லை. போனிலோ கணினியிலோ அந்த ஆல்பத்தை, பழைய எல்பியில் இருந்த வரிசைப்படி ஓடவிடுங்கள். பின்னால் ஒட்டவைத்த கூடுதல் பாடல்களை நீக்கிவிடுங்கள். முதல் பக்கம் முடியும் இடத்தில் நிறுத்தி, ஒரு நிமிடம் கழித்து இரண்டாம் பக்கத்தைப் போடுங்கள். வெவ்வேறு நாட்களில் மூன்று முறை இப்படிக் கேளுங்கள். மூன்று முறையும் ஒரே பாட்டைத் தாண்டக் கை போனால் உங்களுக்கு வேண்டியது அந்த ஆல்பம் அல்ல, அதிலுள்ள இரண்டு பாட்டு. அதற்கு 45 சுழற்சிச் சிறு தட்டே போதும்.

சில ஆல்பங்கள் பக்கம் திருப்புவதையே கணக்கில் வைத்துக் கட்டப்பட்டவை. பீட்டில்ஸின் "ஆபி ரோடு" (1969) முதல் பக்கத்தின் கடைசிப் பாட்டு பொட்டென்று அறுந்து நிற்கும். தட்டில் அதன்பின் வருவது நிசப்தம். டிஜிட்டலில் அடுத்த பாட்டு உடனே ஓடிவந்து அந்த அதிர்ச்சியைக் கெடுத்துவிடும். டேவிட் போவியின் "லோ" (1977) முதல் பக்கத்தில் சின்னச் சின்னப் பாட்டுகள். இரண்டாம் பக்கம் பெரும்பாலும் மெதுவாக விரியும் வாத்திய இசை. அலி அக்பர் கான் 1955இல் வெளியிட்ட சரோத் எல்பியில் பக்கத்துக்கு ஒரு ராகம். ராகம் விரிய இருபது நிமிடம் கிடைத்ததே எல்பி வந்தபிறகுதான். மூன்று நான்கு நிமிடத்தில் முடிந்துபோகும் 78 சுழற்சித் தட்டில் அது நடக்காது. தொகுப்பின் அடித்தளமாக இப்படிப்பட்ட ஆல்பங்களைத்தான் வைக்க வேண்டும்.

பக்கத்தின் நீளத்தைக் கூட்டிப் பாருங்கள்

பாட்டு நேரங்களைக் கூட்டினால் ஒரு தட்டு எப்படி ஒலிக்கும் என்பதைப் பாதி கணித்துவிடலாம். பக்கத்துக்கு 18 முதல் 22 நிமிடம் என்றால் தடத்தை, அதாவது ஊசி ஓடும் பள்ளத்தை, வெட்டும் பொறியாளருக்குத் தாராளமாக இடம் இருக்கிறது. 25ஐத் தாண்டினால் தடங்களை நெருக்க வேண்டும். பேஸ் எனும் தாழ்ந்த ஒலி தடத்தை அகலமாக அசைக்கும். இடம் போதாதபோது பேஸைக் குறைப்பார்கள், இல்லையென்றால் மொத்த ஒலியையும் தணிப்பார்கள். ஒலி தணிந்தால் தட்டின் இரைச்சல் மேலே தெரியும்.

இதுவும் இசையைப் பொறுத்ததுதான். மைல்ஸ் டேவிஸின் "கைண்ட் ஆஃப் ப்ளூ" (1959) முதல் பக்கம் 25 நிமிடத்தைத் தொடுகிறது. மென்மையான இசை என்பதால் தாங்குகிறது. அதே நீளத்தில் டிரம்ஸ் அதிரும் ராக் ஆல்பத்தை அடைத்தால் சவசவவென்று இருக்கும்.

1980களின் நடுவிலிருந்து வந்த ஆல்பங்களில் இன்னும் கவனம் தேவை. சிடியில் 74 நிமிடம் கொள்ளும் என்பதால் ஆல்பங்கள் நீண்டுகொண்டே போயின. டயர் ஸ்ட்ரெய்ட்ஸின் "பிரதர்ஸ் இன் ஆர்ம்ஸ்" (1985) அன்றைய ஒற்றை எல்பியில் சில பாட்டுகள் சிடியில் இருப்பதைவிடக் குறுக்கப்பட்டவை. பின்னால் வந்த இரட்டைத் தட்டுப் பதிப்புகளில் முழு நீளம் கிடைக்கிறது. 60 நிமிட ஆல்பம் ஒற்றைத் தட்டில் விற்கப்பட்டால் விட்டுவிடுங்கள், இரட்டைத் தட்டைத் தேடுங்கள்.

இன்னொரு கணக்கும் உண்டு. தட்டின் வெளி ஓரத்தில் தடம் ஊசியைக் கடக்கும் வேகம் நொடிக்கு சுமார் 51 செ.மீ. லேபிளை நெருங்கும்போது சுமார் 21 செ.மீ.தான். அதே ஒலியை, பாதியைவிடக் குறைவான நீளத்தில் எழுத வேண்டியிருப்பதால், பக்கத்தின் கடைசிப் பாட்டில் "ச", "ஸ" ஒலிகள் கரகரக்கும். அக்காலத் தயாரிப்பாளர்கள் பலரும் அமைதியான பாட்டைக் கடைசியில் வைத்ததற்கு இதுவும் ஒரு காரணம். உங்கள் கார்ட்ரிட்ஜில் (ஊசியைத் தாங்கும் சிறு பாகம்) இருப்பது கூம்பு வடிவ ஊசி என்றால், பக்கம் உச்ச ஒலியில் முடியும் ஆல்பங்களைத் தள்ளிவையுங்கள். நீள்வட்ட ஊசிக்கு மாறியபின் வாங்கலாம்.

மேற்கத்திய செவ்வியல் இசையில் இது பெரிய சிக்கல். ராவெலின் "பொலேரோ" கால் மணி நேரம் மெல்ல மெல்ல ஏறி, தட்டின் மிக மோசமான இடத்தில் உச்சத்தைத் தொடும். இதற்காகவே உள்ளிருந்து வெளியே ஓடுமாறு வெட்டப்பட்ட பதிப்புகூட உண்டு. ஒரு மணி நேரத்துக்கு மேல் நீளும் பீத்தோவனின் ஒன்பதாம் சிம்ஃபனி ஒற்றைத் தட்டில் வந்தால் மெதுவான மூன்றாம் பகுதி நடுவில் உடைந்து பக்கம் மாறக்கூடும். தொடங்குபவர்களுக்கு நால்வர் தந்தி இசை, தனிப் பியானோ, தனி செல்லோ பொருந்தும்; பக்கத்தில் அழகாக அடங்கும். ஆனால் ஒன்று: பியானோ எதையும் மறைக்காது. தட்டின் நடுத்துளை கொஞ்சம் விலகியிருந்தாலும் சுருதி அலைவது பியானோவில்தான் முதலில் தெரியும்.

சிறந்த பாடல்கள் தொகுப்பு வாங்கலாமா?

பெரும்பாலும் வேண்டாம். வெவ்வேறு ஆண்டுகளில் பதிவானவற்றின் நகல் நாடாக்களை வைத்து, பக்கத்துக்கு எட்டுப் பாட்டு என்று நெருக்கி வெட்டியிருப்பார்கள். ஆனால் 1950களில் சிறு தட்டுகளையே வெளியிட்டுப் புகழ் பெற்றவர்களுக்கு இது பொருந்தாது. அவர்களின் எல்பிகளில் இரண்டு நல்ல பாட்டும் எட்டு நிரப்புப் பாட்டும் இருக்கும். அங்கே தொகுப்புத்தான் சரி.

எந்த அச்சு?

ஆல்பத்தை முடிவு செய்தபின் அச்சைத் தேடுங்கள். ஒரே ஆல்பத்தின் இரண்டு அச்சுகள் இரண்டு வெவ்வேறு ஆல்பங்கள்போல ஒலிப்பதுண்டு. கடைசிப் பாட்டுக்கும் லேபிளுக்கும் இடையிலுள்ள வழவழப்பான வளையத்தைச் சாய்த்துப் பாருங்கள். கீறி எழுதிய எண்களும் எழுத்துகளும் தெரியும். அவைதான் தட்டின் அடையாளம். இசைத்தட்டுகளைப் பட்டியலிடும் டிஸ்காக்ஸ் தளத்தில் அந்த எண்ணைத் தேடினால் எந்த நாட்டு, எந்த ஆண்டு அச்சு என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். ப்ளூ நோட் ஜாஸ் தட்டுகளில் "ஆர்விஜி" அல்லது "வான் கெல்டர்" என்றிருந்தால் அது பதிவு செய்த ரூடி வான் கெல்டரே வெட்டியது. "லெட் செப்பலின் 2" (1969) தட்டில் "ஆர்எல்" என்றிருந்தால் பாப் லட்விக் வெட்டியது. அந்த வெட்டு அவ்வளவு உரத்தது. அன்றைய மலிவான பிளேயர்களில் ஊசி துள்ளியதால் நிறுவனம் ஒலியைத் தணித்து மறுபடி வெட்டியது.

முதல் அச்சுதான் எப்போதும் சிறந்தது என்று நம்ப வேண்டாம். "கைண்ட் ஆஃப் ப்ளூ" முதல் பக்கம் பதிவான நாளில் நாடா இயந்திரம் கொஞ்சம் மெதுவாக ஓடியது; அந்த நாடாவைச் சரியான வேகத்தில் ஓடவிட்டபோது வேகம் கூடியதால், பல பத்தாண்டுகள் வெளிவந்த தட்டுகளில் சுருதி சற்றுக் கூடியிருந்தது. பதிவின்போது கூடவே ஓடிய மாற்று இயந்திரத்தின் நாடாவை வைத்து 1992இல்தான் சரி செய்தார்கள். அதற்குப் பிந்தைய, வேகம் திருத்திய மறுபதிப்பே அங்கே நல்ல தேர்வு.

1960களின் ஆல்பங்களில் மோனோவா (எல்லா ஒலியும் ஒன்றாக) ஸ்டீரியோவா (இடம், வலம் எனப் பிரிந்து) என்று பாருங்கள். "சார்ஜென்ட் பெப்பர்" (1967) ஆல்பத்துக்கு பீட்டில்ஸ் உடனிருந்து ஒலிகளைக் கலந்தது மோனோ வடிவத்தை. ஸ்டீரியோ பிறகு விரைவாக முடிக்கப்பட்டது. 2014இல் வந்த மோனோ மறுபதிப்புகள் அனலாக் நாடாவிலிருந்து நேரடியாக வெட்டப்பட்டவை. கண்டிப்பாகத் தவிர்க்க வேண்டியது, மோனோப் பதிவை மின்னணு முறையில் ஸ்டீரியோவாக மாற்றியதாக உறையில் எழுதியிருக்கும் தட்டு. எதிரொலி சேர்த்துக் குரலைக் குழப்பியிருப்பார்கள்.

180 கிராம் என்ற ஒட்டுச்சீட்டு ஒலிக்கு உத்தரவாதம் அல்ல. கனமான தட்டும் வளையும். தடத்தின் ஆழம் அதேதான். வண்ணத் தட்டுகளை ஒதுக்க வேண்டியதில்லை. படம் பதித்த தட்டுகளை மட்டும் சுவரில் மாட்ட வாங்குங்கள்: படத்தின் மேல் மெல்லிய படலத்தில் தடம் அழுத்தப்படுவதால் இரைச்சல் அதிகம்.

பழைய தட்டைப் பார்ப்பது

ஒற்றை விளக்கின் வலுவான வெளிச்சத்தில் தட்டைச் சாய்த்துத் திருப்புங்கள். உறையில் உரசிய மெல்லிய கோடுகள் பெரும்பாலும் கேட்காது. நகம் தட்டும் கீறல் கேட்கும்: 33⅓ சுழற்சியில் 1.8 நொடிக்கு ஒரு முறை "டக்" என்று வரும். தடத்தோடு ஓடும் கீறல் அதைவிட மோசம், ஊசி அங்கேயே சிக்கிச் சுற்றும். தடங்கள் பளபளப்பில்லாமல் சாம்பல் பூத்தாற்போல் இருந்தால் தேய்ந்த ஊசியால் அரைபட்ட தட்டு. எவ்வளவு கழுவினாலும் அந்தக் கரகரப்பு போகாது. லேபிளின் துளையைச் சுற்றி நிறையக் கோடுகள் இருந்தால் அடிக்கடி ஓடியது என்று பொருள். கண் மட்டத்தில் பிடித்து வளைவையும் பாருங்கள். பழைய இரட்டைத் தட்டில் ஒரு தட்டின் இரு பக்கங்களும் 1, 4 என்றிருந்தால் அது பிழை அல்ல. தட்டுகளை அடுக்கித் தானே மாற்றும் பிளேயர்களுக்காக அப்படி அச்சிட்டார்கள்.

முதல் இருபது

மூன்று முறைச் சோதனையில் தேறியவற்றிலிருந்து பத்து. உங்கள் பிளேயரைச் சரிபார்க்க, நன்றாகப் பதிவான தனிக்குரல், பியானோ, டபுள் பேஸ் இருக்கும் மூன்று. ஊசி தட்டில் அழுத்தும் எடையை மாற்றும்போதெல்லாம் இவைதான் உதவும். இரவில் மெல்ல ஓடவிட நான்கு. மீதி மூன்று இடங்களை இதுவரை கேட்டிராத இசைக்கு ஒதுக்குங்கள்.

மாதத்துக்கு இரண்டு தட்டுக்கு மேல் வாங்காதீர்கள். முந்தையது குறைந்தது ஐந்து முறை ஓடும்வரை அடுத்ததைத் தொட வேண்டாம். முழுப் பெட்டித் தொகுப்புகளை இந்தக் கட்டத்தில் வாங்குவது வீண், பத்தில் இரண்டுதான் வெளியே வரும். ஒவ்வொரு உறையின் உள்ளேயும் ஒரு துண்டுச்சீட்டு வைத்து, ஓடவிட்ட தேதியையும் எந்தப் பக்கம் என்பதையும் குறித்து வாருங்கள். ஓர் ஆண்டு கழித்து, இரண்டாம் பக்கத்துக்குத் தேதியே விழாத ஆல்பங்கள் எவை என்று பாருங்கள். அவற்றைக் கொடுத்துவிட்டு, அந்த இடத்துக்கு வேறு ஆல்பத்தைத் தேடலாம்.