உருகிய உப்பில் டைட்டானியம்: முதல் முறை செய்பவர்களுக்கு

வாலிநோக்கம், திருப்பாலைக்குடி உப்பளங்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு ஒன்று நன்றாகத் தெரியும். ஐப்பசி பிறந்து வாடைக்காற்று திரும்பிவிட்டால் மூட்டைக்குள் கட்டி வைத்த உப்பும் கசியும். இன்றைக்குச் சொல்லப்போகிற வேலையில் பாதி, அந்த ஈரத்தை வெளியே நிறுத்துவதுதான்.

வேலை இதுதான்: டைட்டானியம் டை ஆக்சைடு பொடியை வில்லையாக்கி, உருகிய கால்சியம் குளோரைடில் தொங்கவிட்டு மின்சாரம் கொடுத்தால், வில்லையில் உள்ள ஆக்சிஜன் மட்டும் கழன்று போய் டைட்டானியம் உலோகம் மிஞ்சும். கேம்பிரிட்ஜில் ஃப்ரே, ஃபார்திங், சென் மூவரும் 2000-ல் வெளியிட்ட முறை இது. டைட்டானியம் உருக 1668 டிகிரி வேண்டும், நாம் 900-ஐத் தாண்டப் போவதில்லை, அதனால் வில்லை கடைசி வரை திடமாகவே இருக்கும், வெள்ளையாக உள்ளே போனது அதே வடிவத்தில் உலோகமாக வெளியே வரும். பொடியோடு நிக்கல் ஆக்சைடைச் சரியான அளவில் கலந்து வைத்தால் வளைத்தாலும் சூட்டில் பழைய வடிவத்துக்குத் திரும்புகிற நிக்கல்-டைட்டானியம் கலவையே நேராகக் கிடைக்கும். எனக்கு இந்த முறை மேல் இவ்வளவு பிரியம் வந்ததே அதனால்தான்.

இது வீட்டுக் கொல்லையில் செய்கிற காரியம் இல்லை. புகைபோக்கி உள்ள கல்லூரி ஆய்வகத்தில், இதைத் தெரிந்த ஆசிரியர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் செய்யுங்கள்.

நம் ஊரில் மலிவாகக் கிடைக்கிற சாதா உப்பையே உருக்கக் கூடாதா என்று கேட்பீர்கள். 801 டிகிரியில் அது உருகிவிடும், சரி, ஆனால் வில்லையிலிருந்து கழன்று வரும் ஆக்சைடு அயனி (மின்னேற்றம் பெற்ற ஆக்சிஜன்) அதில் ஏறக்குறைய கரையாது, அதனால் ஆக்சிஜன் வில்லையை விட்டு வெளியேற வழியிருக்காது. கால்சியம் குளோரைடு 772-ல் உருகும், அந்த ஆக்சைடு அயனியையும் நன்றாகக் கரைத்துக்கொள்ளும்.

முதலில் உப்பைக் காயவைக்க வேண்டும். கடையில் வாங்குவது பெரும்பாலும் இரண்டு நீர் மூலக்கூறு சேர்ந்த வகை, அதன் எடையில் கால்வாசி தண்ணீர்தான். அவசரப்பட்டுச் சூடேற்றினால் 175 டிகிரி வாக்கில் தன் தண்ணீரிலேயே உருகிக் கொதித்துத் தெறிக்கும், மிச்ச ஈரம் உப்போடு வினைபுரிந்து ஹைட்ரோகுளோரிக் அமிலப் புகையைக் கிளப்பும். நான் முதல் தடவை ஒரே மணி நேரத்தில் 300-க்குக் கொண்டுபோனேன், மூசை (உப்பை உருக்கும் பாத்திரம்) விரிசல் விட்டு உப்பெல்லாம் அடுப்புக்குள் கொட்டிவிட்டது. 100-ல் சில மணி நேரம், 150, 200 என்று படிப்படியாக ஏற்றி, 300-ல் ஒரு இரவு வையுங்கள், காற்றை உறிஞ்சி எடுக்கிற வாக்குவம் இருந்தால் இன்னும் நல்லது. காய்ந்ததா என்று பார்க்கத் தராசு போதும்: 500 கிராம் போட்டால் 377 கிராம் வாக்கில் வந்து எடை நிற்க வேண்டும். 400-ல் இருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. எடுத்ததும் டெசிகேட்டருக்குள் (ஈரம் புகாமல் காக்கும் மூடிய கண்ணாடிப் பாத்திரம்) மூடிவிடுங்கள். மண்டபத்தில் கடல் காற்று வீசுகிற ஒரு மதியம், வாட்ச் கிளாசில் கொஞ்சம் உப்பை மேசையில் விட்டுவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்தபோது ஒவ்வொரு மணியைச் சுற்றியும் ஒரு நீர்வளையம் பளபளத்தது, ஓரத்தில் இருந்தவை ஒன்றோடொன்று சேர்ந்து துளியாகவே ஆகியிருந்தன.

அப்புறம் வில்லை. ஒரு கிராம் பொடியை அச்சில் அழுத்தி, 900 டிகிரியில் இரண்டு மணி நேரம் சுடுங்கள். கையில் எடுத்தால் உதிரக் கூடாது, அதே சமயம் உள்ளே நுண்துளைகள் இருக்க வேண்டும், ரொம்பச் சுட்டு இறுக்கிவிட்டால் உருகிய உப்பு உள்ளே போகாது. மாலிப்டினம் கம்பியில் கட்டித் தொங்கவிடலாம், இதுதான் கேத்தோடு, அதாவது எதிர்மின்முனை. நேர்மின்முனையான ஆனோடுக்குக் கிராஃபைட் தண்டு. அலுமினா மூசையில் உப்பு, எல்லாவற்றையும் சுற்றி மூடிய எஃகுக் குழாய், அதற்குள் எதனோடும் வினைபுரியாத ஆர்கான் வாயு ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். வெளியேறும் வாயு புகைபோக்கிக்குத்தான் போக வேண்டும், ஆனோடில் கார்பன் மோனாக்சைடும் வரும்.

உப்பு உருகி 850-900-ல் நிலைத்த பிறகும் வில்லையை உடனே இறக்காதீர்கள். வேறொரு நிக்கல் கம்பியைக் கேத்தோடாக வைத்து 1.5 வோல்ட் கொடுங்கள். மின்னோட்டம் மெல்ல இறங்கி ஓரிடத்தில் நிற்கும், ஒட்டிக்கொண்டிருந்த கடைசி ஈரமும் போய்விட்டது என்று அர்த்தம். பலர் இதைத் தாண்டிப் போகிறார்கள், தாண்டாதீர்கள்.

இப்போது வில்லையை இறக்கி 3 வோல்ட். 3.2-ஐ நெருங்க வேண்டாம், அதற்கு மேல் உப்பே பிரிந்து குளோரின் வரும். ஒரு கிராம் ஆக்சைடுக்குக் கணக்குப்படி 1.34 ஆம்பியர்-மணி போதும், 0.6 கிராம் உலோகம் கிடைக்கும். நடைமுறையில் மின்சாரத்தில் ஒரு பங்கு வீணாகும், கடைசி ஆக்சிஜன் மெதுவாகத்தான் வெளியேறும், அதனால் ஒரு இரவு முழுக்க ஓட விடுங்கள். மழைக்காலத்தில் கரண்ட் போகும் என்பதால் மாற்று மின்சாரம் இல்லாமல் ஆரம்பிக்காதீர்கள், உறைந்த உப்பை மறுபடி சூடாக்கும்போது மூசை உடையும்.

முடிந்ததும் வில்லையை உப்புக்கு மேலே தூக்கி, ஆர்கானிலேயே நன்றாக ஆற விடுங்கள். சூட்டோடு காற்றில் காட்டினால் திரும்பவும் ஆக்சைடாகிவிடும். தண்ணீரில் பலமுறை அலசி, நீர்த்த அமிலத்தில் சற்று நேரம் போட்டு, மறுபடி அலசிக் காயவையுங்கள். பிறகு ஆக்சா பிளேடால் குறுக்கே அறுத்து, வெட்டு முகத்தை அரத்தால் ஒரு இழுப்பு இழுங்கள். உலோகமாகிய இடம் வெள்ளிச் சாம்பலாக மின்னும். நடுவில் கறுப்பாக ஒரு பொட்டு இருந்தால் அங்கே இன்னும் ஆக்சிஜன் இருக்கிறது, அடுத்த வில்லையைக் கொஞ்சம் மெல்லியதாக அழுத்துங்கள்.