வீடு ஜப்திக்கு வரும்போது செய்யும் தவறுகள்

சர்ஃபேசி சட்டத்தில் (2002), கடன் கட்டாதவர் அடமானம் வைத்த வீட்டை எடுக்க வங்கிக்குக் கோர்ட் தீர்ப்பு தேவையில்லை. கடன் வாங்கியவருக்கு இது ஓரளவு தெரிந்திருக்கும். வாடகைக்கோ போக்கியத்துக்கோ குடியிருப்பவருக்குக் கேட்டில் நோட்டீஸ் ஒட்டிய பிறகுதான் தெரியவருகிறது. 'தவணையை ஒழுங்காகக் கட்டுங்கள்' வகை அறிவுரைகளை விட்டுவிடலாம்.

வில்லங்கம் பார்க்காமல் போக்கியத்துக்குப் போவது

எத்தனை தடவை சொன்னாலும் தமிழ்நாட்டில் ஓயாத தவறு இது. எட்டு லட்சம் கொடுங்கள், மூன்று வருஷம் வாடகையே வேண்டாம் என்பார் வீட்டுக்காரர். முத்திரைத்தாளில் 11 மாத ஒப்பந்தம்; மீதி வாய்வார்த்தை. பத்திரத்தின் ஜெராக்ஸைக் காட்டுவார். அசல் எங்கே என்று யாரும் கேட்பதில்லை. அது வங்கி லாக்கரில் இருக்கும்.

தவணை 90 நாள் நின்றால் கணக்கு வாராக்கடன். அடுத்து அந்தச் சட்டத்தின் 13(2) பிரிவு நோட்டீஸ், பாக்கியைக் கட்ட 60 நாள் அவகாசம். அது முடிந்ததும், வீட்டை வங்கி எடுத்துக்கொண்டதாகச் சுவாதீன நோட்டீஸ். பிறகு நடுவரின் (மாஜிஸ்திரேட்) உத்தரவோடு வந்து பூட்டி சீல் வைப்பார்கள். அப்போது அந்த முத்திரைத்தாளை நீட்டிப் பயனில்லை. ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவில்லாத குத்தகைக்கு ஒரு வருஷத்துக்கு மேல் பாதுகாப்பு கிடையாது என்று 2019-இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. 13(2) நோட்டீஸுக்குப் பிறகு வங்கியின் எழுத்துபூர்வ சம்மதம் இல்லாமல் குடிவந்தவர் நிலை இன்னும் மோசம். எட்டு லட்சத்தை வீட்டுக்காரரிடம்தான் கேட்க வேண்டும், வீட்டையே இழந்தவரிடம்.

அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கச் சான்று எடுங்கள். 'உரிமை ஆவண ஒப்படைப்பு' (பத்திரத்தை வங்கியிடம் கொடுத்துக் கடன் வாங்கியது) என்ற பதிவு இருந்தால், கடன் தீர்ந்ததற்கான ரசீதுப் பதிவு பின்னால் வந்திருக்கிறதா பாருங்கள். வரவில்லை என்றால் கடன் உயிரோடு இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். கடைசி ஆறு மாதக் கடன் ஸ்டேட்மென்ட்டும் வங்கியின் சம்மதக் கடிதமும் கேளுங்கள். தர மறுத்தால் மாத வாடகைக்கு மட்டும் போங்கள். வில்லங்கம் சுத்தமாக இருந்தாலும் அசலைக் கண்ணால் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

நோட்டீஸை வாங்காமல் திருப்புவது

வங்கி அதைக் கதவில் ஒட்டி, இரண்டு நாளிதழில் போட்டால் போதும். 60 நாள் ஓடும்.

ஒரு தவணை கட்டி நிறுத்தப் பார்ப்பது

வாராக்கடனான கணக்கு, நிலுவை முழுவதும் தீர்ந்தால்தான் பழைய நிலைக்குத் திரும்பும். ஒற்றைத் தவணையால் வங்கியின் நடவடிக்கை நிற்காது. அதைவிட, நோட்டீஸுக்கு எழுத்தில் ஆட்சேபம் கொடுங்கள்; 15 நாளுக்குள் வங்கி பதில் சொல்லியாக வேண்டும்.

ஏலத்தன்று பணத்தோடு போவது

கடைசி நாளில் கட்டி வீட்டை மீட்கலாம் என்பது பழைய நினைப்பு. 2016 திருத்தத்துக்குப் பிறகு, ஏல அறிவிப்பு வெளியாகும் முன்பே முழுப் பாக்கியையும் செலவுகளோடு கட்ட வேண்டும். 2023-இல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்துவிட்டது.

சிவில் கோர்ட்டுக்கு ஓடுவது

சர்ஃபேசி சட்டத்தின் பிரிவு 34 அந்தக் கதவை அடைத்திருக்கிறது. போக வேண்டியது கடன் மீட்புத் தீர்ப்பாயம்: சென்னை, கோவை, மதுரையில் இருக்கிறது. சுவாதீனம் எடுத்ததிலிருந்து 45 நாள்தான் கெடு. குடியிருப்பவரும் 17(4A) பிரிவின் கீழ் இங்கேதான் முறையிட வேண்டும். தடை உத்தரவு கேட்டு முன்சீப் கோர்ட்டில் மாதக்கணக்கில் அலைந்துவிட்டு வருபவரிடம் பெரும்பாலும் அந்த 45 நாள் மிச்சமிருக்காது.

சங்கம் சும்மா இருப்பது

அடுக்குமாடியில் ஒரு வீடு ஜப்தியானால் பராமரிப்புப் பாக்கியும் நின்றுபோகும். லிஃப்ட், மோட்டார் செலவு மற்ற வீடுகளின் தலையில் விழும். வீடு 'உள்ளது உள்ளபடி', அதாவது பாக்கிகளோடு சேர்த்தே, ஏலம் போகும். பாக்கிக் கணக்கை ஏல அறிவிப்புக்கு முன்பே வங்கியின் அதிகாரம் பெற்ற அலுவலருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பி, அறிவிப்பில் குறிப்பிடச் சொல்லுங்கள்.