38 நாளில் சிஏ இன்டர் முதல் குரூப்: படித்ததைக் குறைத்து, எழுதியதைக் கூட்டிய கணக்கு

போன வாரம் எங்கள் ஆபீசில் புதிதாகச் சேர்ந்த பெண் மதியம் டிபன் பாக்ஸைத் திறக்காமலே உட்கார்ந்திருந்தாள். "இன்னும் 40 நாள்தான்கா இருக்குது. பாதி புக்கு தொடவே இல்ல. இன்னா பண்றது?" என்றாள். ராணிப்பேட்டை சிப்காட்டில் ஒரு தோல் ஏற்றுமதி கம்பெனியின் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். வேலையை விடாமல் இதே பரீட்சைக்கு, அதாவது சிஏ (சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட்) படிப்பின் நடுக்கட்டமான இன்டரின் முதல் குரூப்புக்கு, 38 நாள் கையில் வைத்துக்கொண்டு நானும் தவித்திருக்கிறேன். அவளிடம் சொன்னதையும், அவசரத்தில் சொல்ல விட்டுப்போனதையும் இங்கே எழுதுகிறேன்.

முதல் முறை நான் வாங்கியது இது: அக்கவுண்ட்ஸ் 54, சட்டம் 38, வரி 59. கூட்டினால் 151. இந்த மூன்று தாளும் சேர்ந்ததுதான் முதல் குரூப். அது தேற 300க்கு 150 போதும். ஆனால் ஒவ்வொரு தாளிலும் 40 இருந்தாக வேண்டும். சட்டத்தில் 2 மார்க் குறைந்ததால் மொத்தமும் போனது. வரியில் இன்னும் ஒரே ஒரு மார்க் வந்து 60 ஆகியிருந்தால், அடுத்த மூன்று தேர்வுகளுக்கு அந்தத் தாளையாவது எழுதாமல் இருந்திருக்கலாம். அதுவும் இல்லை.

அந்தச் சட்டப் புத்தகத்தை மூன்று தடவை முழுக்கப் படித்திருந்தேன். ஒரு விடையைக்கூட பேனா பிடித்து எழுதிப் பார்க்கவில்லை. இரண்டாம் முறை நான் மாற்றியது இந்த ஒன்றைத்தான். மற்றதெல்லாம் அதிலிருந்து வந்தவை.

முதலில் நாளை எண்ணாதீர்கள், மணியை எண்ணுங்கள். எனக்கு வேலை நாளில் காலை 4:30 முதல் 7 வரை, இரவு இரண்டு மணி நேரம்; ஆக நாலரை. ஞாயிறு பத்து. கடைசி 10 நாள் லீவு; நாளுக்கு 11 மணி நேரம். எல்லாம் சேர்த்து 260 மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக வந்தது. அதில் அக்கவுண்ட்ஸுக்கு 100, வரிக்கு 95, சட்டத்துக்கு மிச்சம் என்று பிரித்து காலண்டர் பின்பக்கம் எழுதி ஒட்டினேன். இரண்டு குரூப்பையும் சேர்த்து எழுத விண்ணப்பித்திருந்து, இரண்டிலும் பாதிப் பாடம் தொடாமல் இருந்தால், ஒன்றை இப்போதே விடுங்கள். மனசு கேட்காது. ஆனாலும் விடுங்கள்.

புத்தகம் வாங்க அலையாதீர்கள். இன்ஸ்டிடியூட் (தேர்வை நடத்தும் ஐசிஏஐ) தரும் ஸ்டடி மெட்டீரியல், ஆர்டிபி என்கிற ரிவிஷன் டெஸ்ட் பேப்பர், மாக் டெஸ்ட் பேப்பர் (மாதிரித் தேர்வு), பழைய தேர்வுகளின் சஜஸ்டட் ஆன்சர் (மாதிரி விடை) ஆகியவை போதும். இவை எல்லாமே இணையத்தில் இலவசம். முக்கியமாக, வரிக்குப் பழைய புத்தகத்தைக் கடன் வாங்காதீர்கள். வரி விகிதமும் வரம்புகளும் பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் மாறும். வழி சரியாக இருந்தும் விடை தப்பாகும். உங்கள் தேர்வுக்கு எந்தத் திருத்தம் பொருந்தும் என்பது அந்தத் தேர்வுக்கான ஆர்டிபியில் இருக்கும். அதை முதல் நாளே பிரிண்ட் எடுத்துவிடுங்கள்.

இப்போது சட்டம். இதை நிறையச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் பக்கத்துப் பிள்ளைகள் பலர் பிளஸ் டூ வரை தமிழ் மீடியம். நானும் அப்படித்தான். இந்தப் பரீட்சையை ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் எழுத முடியும். படிக்கும்போது புரிகிறது, ஹாலில் வாக்கியம் வரமாட்டேன் என்கிறது. எனக்கு 38 வந்த காரணம் அதுதான்.

அதற்கு நான் செய்தது: ஒவ்வொரு செக்‌ஷனையும் தமிழில் வாய்விட்டுச் சொல்லிப் புரிந்துகொள்வேன். பிறகு ஆங்கிலத்தில் மூன்று பத்தி, அவ்வளவுதான். சட்டம் என்ன சொல்கிறது. கேள்வியில் நடந்தது என்ன. ஆகவே முடிவு என்ன. கம்பெனிச் சட்டத்திலிருந்து ஓர் உதாரணம். ஒரு கம்பெனியின் முதல் நிதியாண்டு மார்ச் 31ல் முடிகிறது, முதல் ஏஜிஎம் (வருடாந்திரப் பொதுக்கூட்டம்) டிசம்பர் 20ல் நடக்கிறது, செல்லுமா? செக்‌ஷன் 96படி முதல் ஏஜிஎம்முக்கு நிதியாண்டு முடிந்து 9 மாதம் அவகாசம். அதாவது டிசம்பர் 31 வரை. எனவே செல்லும். அடுத்தடுத்த வருஷங்களுக்கு 6 மாதம்தான். அதே டிசம்பர் 20 அப்போது செல்லாது, கம்பெனி ரெஜிஸ்ட்ரார் அவகாசத்தை நீட்டிக் கொடுத்திருந்தால் ஒழிய. அந்த நீட்டிப்பு முதல் ஏஜிஎம்முக்குக் கிடையாது. இதை "செல்லும்" என்று ஒரு வரியில் எழுதினால் மார்க் வராது. மூன்று பத்தியாக, சின்னச் சின்ன வாக்கியமாக, தினம் இரண்டு விடை. பத்தாம் நாளில் கை தானாக ஓட ஆரம்பித்தது.

செக்‌ஷன் எண்களை மனப்பாடம் செய்ய எனக்கு பஸ் உதவியது. சத்துவாச்சாரியில் ஏறினால் இரத்தினகிரி மலை தெரியும் வரை பத்து எண்கள். விஷாரம் வருவதற்குள் அதே பத்தைத் தாளைப் பார்க்காமல். ஆற்காடு தாண்டி பாலாற்றுப் பாலத்தில் தாளை மடித்து வைத்துவிடுவேன். முத்துக்கடை வரை ஜன்னல்தான். இரவு அம்மா கேட்பார். அம்மா எட்டாவது வரை படித்தவர், வீட்டில் ஷூ அப்பர் தைக்கிறார். தைத்துக்கொண்டே, "நூத்தி முப்பத்தஞ்சு இன்னாமா?" என்பார். "சிஎஸ்ஆர். நெட்வொர்த் 500 கோடி, இல்லன்னா டர்ன்ஓவர் 1000 கோடி, இல்லன்னா லாபம் 5 கோடி" என்று, கம்பெனி சமூக நலனுக்குச் செலவு செய்ய வேண்டிய வரம்புகளை நான் சொல்ல வேண்டும். சீட்டில் தமிழில் எழுதிக் கொடுத்திருந்தேன், அதனால் தப்பு சொன்னால் பிடித்துவிடுவார்.

ஜெனரல் கிளாசஸ் ஆக்ட், சட்டங்களைப் பொருள்கொள்ளும் முறை, ஃபெமா (அந்நியச் செலாவணிச் சட்டம்) இந்த மூன்றுக்கும் சேர்த்து 30 மார்க். பலர் கடைசியில் தள்ளிவிடுவார்கள். பாடம் குறைவு, மார்க் அதிகம்; முதல் வாரத்திலேயே முடித்துவிடுங்கள்.

அக்கவுண்ட்ஸில் உங்கள் வேலையே பாதிப் பாடம். எங்கள் கம்பெனி பிப்ரவரியில் 10,000 டாலருக்குச் சரக்கு அனுப்பும்போது டாலர் 83 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். மார்ச் 31ல் 84. கடன்பாக்கியை அன்றைய ரேட்டுக்கு மாற்றினால் 10,000 ரூபாய் லாபம், அந்த வருஷக் கணக்கில். ஏப்ரலில் 83.50க்குப் பணம் வந்தால் 5,000 ரூபாய் நஷ்டம், அடுத்த வருஷக் கணக்கில். அந்நியச் செலாவணிக்கான கணக்கியல் தரமான ஏஎஸ் 11ன் அடிப்படை இதுதான். இதைத் தினமும் டேலியில் செய்துகொண்டே புத்தகத்தில் கண்டு பயந்திருக்கிறேன். ஜிஎஸ்டியும் அப்படியே: எல்யூடி (உறுதிமொழிக் கடிதம்) கொடுத்து வரி கட்டாமல் ஏற்றுமதி, சப்ளையருக்கு 180 நாளுக்குள் பணம் தராவிட்டால் எடுத்த வரி கிரெடிட்டைத் திருப்புவது. உங்கள் ஆபீஸ் ஃபைலில் இருப்பதை அடையாளம் கண்டு, அங்கே நேரத்தை மிச்சம் பிடித்து, கன்சாலிடேஷனுக்கும் (குழுமக் கம்பெனிகளின் கணக்கை ஒன்றாக்குவது) அமால்கமேஷனுக்கும் (கம்பெனிகள் இணைவது) கொடுங்கள். அவை ஆபீசில் கிடைக்காது. தீர்த்த கணக்கைப் பார்வையால் படிப்பது கணக்குப் போட்டதாகாது. விடையை மூடிவிட்டுப் போடுங்கள்.

ஒரு 40 பக்க நோட்டு வாங்கி "தப்பு நோட்டு" என்று பெயர் எழுதினேன். எங்கே தவறினேனோ அது மட்டும், ஒரு தவறுக்கு இரண்டு வரி. பைபேக்கில் (கம்பெனி தன் பங்குகளையே திரும்ப வாங்குவது) மூன்று டெஸ்டையும் போட்டு, அதில் மிகக் குறைந்த எண்ணிக்கையை எடுக்க மறந்தது அதில் நான்கு தடவை இருக்கிறது. ஐந்தாம் தடவை இல்லை.

ஞாயிறு தோறும் பகல் 1:45க்கு உட்காருங்கள். பரீட்சை 2 முதல் 5. அதற்கு முன் 15 நிமிடம் கேள்வித்தாள் வாசிக்க. வேலூர் வெயிலில் ஏப்ரல் மாதத்து இரண்டு மணிக்குத் தூக்கம் வரும் உடம்பை அந்த நேரத்துக்குப் பழக்காமல் ஹாலுக்குப் போகக் கூடாது. சாதம் குறைத்து, மோர் குடித்து உட்காருவேன். 100 மார்க்குக்கு 180 நிமிடம், அதாவது மார்க்குக்கு 1.8 நிமிடம், 14 மார்க் கேள்விக்கு 25 நிமிடம்தான். மணி அடித்தால் பாதியில் நிறுத்தி அடுத்ததுக்குப் போக வேண்டும். 30 மார்க் கொள்குறிக் கேள்விகளுக்கு நெகட்டிவ் மார்க் இல்லை, ஒன்றையும் விடாதீர்கள். ஹாலுக்குக் கொண்டுபோகும் கால்குலேட்டரிலேயே பழகுங்கள். 12 இலக்கம், 6 செயல்பாட்டுக்கு மேல் அனுமதியில்லை.

கடைசி 10 நாளில் புதுப் பாடம் எதையும் திறக்கவில்லை. மாக் டெஸ்ட், தப்பு நோட்டு, மறுபடி மாக் டெஸ்ட். இரவு பத்தரைக்கு விளக்கை அணைத்தேன்.

முதல் தாள் முடிந்து வெளியே வந்தால் வாசலில் கூட்டமாக விடையைச் சரிபார்த்துக்கொண்டிருப்பார்கள். நிற்காதீர்கள். போன முறை நின்றேன், அன்றைய இரவு முழுக்க வீணானது. இந்த முறை நேராக பஸ் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து, சட்டத்துக்கான தப்பு நோட்டைத் திறந்தேன். அந்தத் தாளில் 57 வந்தது.