ரூத் புத்தகத்தைத் துணைநூல்களோடு ஆழமாகப் படிப்பது எப்படி?

வேதாகமத்தை ஆழமாகப் படிக்க உதவும் துணைநூல்கள் இன்று கைப்பேசியிலேயே இலவசமாகக் கிடைக்கின்றன. சொல்லடைவு, அகராதி, வரைபடம், விளக்கவுரை என எதைத் தேடினாலும் பத்து வந்து நிற்கும். எந்தக் கேள்வியை எந்த நூலிடம் கேட்பது, அது தரும் விடையை எவ்வளவு தூரம் நம்புவது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். பொதுவாகச் சொன்னால் விளங்காது என்பதால், ஒரே புத்தகத்தை எடுத்துக்கொண்டு தொடக்கம் முதல் முடிவுவரை செய்து பார்ப்போம். அதற்கு ரூத் மிகப் பொருத்தமானது. நான்கு அதிகாரங்களும் 85 வசனங்களும் கொண்ட அந்தச் சிறிய புத்தகத்தில் சட்டம், நிலம், அளவை, வம்சவரலாறு, கையெழுத்துப் பிரதிகளில் உள்ள வேறுபாடு ஆகிய எல்லாமே ஓரிடத்தில் வந்து சேர்கின்றன.

முதல் வேலை, எந்தத் துணைநூலையும் திறக்காமல் நான்கு அதிகாரங்களையும் ஒரே அமர்வில் வாசிப்பது. மறுநாள் மீண்டும் ஒருமுறை வாசிக்கும்போது, புரியாதவற்றை எல்லாம் கேள்விகளாக ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். பெத்லகேமைவிட்டுப் போகிறவர்கள் ஏன் மோவாபுக்குப் போகிறார்கள்? அந்நியப் பெண் ஒருத்தி இன்னொருவரின் வயலில் கதிர் பொறுக்க எந்த உரிமை இருந்தது? "சுதந்தரவாளி" என்பவன் யார்? நிலத்தைப் பற்றிய பேச்சில் பாதரட்சை எதற்கு வருகிறது? கதை முடிந்த பிறகு பெயர்ப் பட்டியல் எதற்கு? இவ்வாறு எழுதிய கேள்விகளைச் சொல் பற்றியவை, சட்டமும் வழக்கமும் பற்றியவை, இடமும் அளவும் பற்றியவை, மூலபாடம், அதாவது மூலமொழிப் பிரதிகளில் உள்ள சொற்கள், பற்றியவை என்று பிரித்துவிட்டால், எந்த நூலை எடுக்கவேண்டும் என்பது தானாகவே தெரிந்துவிடும். கேள்வி இல்லாமல் அகராதியைத் திறக்கிறவர் ஒரு மணி நேரம் சுவையாகப் படிப்பார். ஆனால் ரூத்தைப் படித்திருக்கமாட்டார்.

மூன்றாம் வாசிப்பை வேறொரு மொழிபெயர்ப்பில் வைத்துக்கொள்ளலாம். சபைகளில் பெரும்பாலும் வாசிக்கப்படும் பழைய மொழிபெயர்ப்புக்குப் பக்கத்தில், 1995-இல் பொது மொழிபெயர்ப்பாக வெளிவந்த திருவிவிலியத்தை வைத்து வாசித்தால் போதும். இரண்டும் சற்று விலகும் இடங்கள் நடைக்காக விலகியவையாக இருக்கும். வெகுதூரம் விலகும் இடங்களில் மூலத்திலேயே ஏதோ சிக்கல் இருக்கும் வாய்ப்பு அதிகம். அந்த இடங்களைக் குறித்துக்கொள்வது பின்னால் நேரத்தை மிச்சப்படுத்தும்.

ஒத்தவாக்கியங்களைப் பின்தொடர்வது

ஒத்தவாக்கிய வேதாகமத்தின் ஓரக்குறிப்புகளே மிகப் பழைய, மிக எளிய துணைக்கருவி. ரூத் 2:2-இல் கதிர் பொறுக்கும் பேச்சு வந்தவுடன் ஓரக்குறிப்பு லேவியராகமம் 19:9-10, 23:22, உபாகமம் 24:19-22 ஆகிய பகுதிகளுக்கு அனுப்பும். அங்கே வயலின் ஓரத்தைத் தீர அறுக்காமலும் சிந்தின கதிர்களைப் பொறுக்காமலும் எளியவனுக்கும் பரதேசிக்கும் விட்டுவிடவேண்டும் என்ற சட்டம் இருக்கிறது. உபாகமம் அந்தப் பட்டியலில் விதவையையும் சேர்க்கிறது. ரூத் எளியவள், பரதேசி, விதவை என்ற மூன்றுக்கும் உட்பட்டவள் என்று பார்த்த பிறகு, இரண்டாம் அதிகாரத்தின் முதல் பாதியை வயலின் சொந்தக்காரனான போவாஸின் தாராளத்தைப் பற்றியதாக மட்டும் வாசிக்க முடியாது. பொறுக்குவது அவளுடைய உரிமை. அரிக்கட்டுகளிலிருந்து வேண்டுமென்றே சிலவற்றைச் சிந்தவிடும்படி 2:16-இல் வேலைக்காரருக்குச் சொல்லப்படும் இடத்தில்தான் சட்டம் கேட்டதற்கு மேலான தயவு தொடங்குகிறது.

ஓரக்குறிப்பு காட்டும் இடம் எப்போதும் ஒத்த இடமாகவே இருக்கும் என்று கொள்ளக்கூடாது. ரூத் 4:7-8-இல் பாதரட்சை கழற்றப்படும் காட்சிக்கு உபாகமம் 25:5-10 துணையாகக் காட்டப்படும். இரண்டையும் பக்கத்தில் பக்கமாக வைத்து வாசியுங்கள். உபாகமத்தில் ஒன்றாய்க் குடியிருக்கும் சகோதரரில் ஒருவன் பிள்ளையில்லாமல் இறந்தால் மற்றவன் அந்த விதவையை மணக்கவேண்டும். மறுத்தால் மூப்பருக்கு முன்பாக அந்த விதவையே அவனுடைய பாதரட்சையைக் கழற்றி, அவன் முகத்தில் துப்புவாள். ரூத்திலோ மீட்க மறுக்கும் உறவினன் இறந்தவனுடைய சகோதரன் என்று சொல்லப்படவில்லை, தன் பாதரட்சையைத் தானே கழற்றுகிறான், துப்புதல் இல்லை, ரூத் அந்த இடத்தில் இருந்ததாகக்கூடச் சொல்லப்படவில்லை. அதோடு 4:7, மீட்பிலும் மாற்றத்திலும் காரியத்தை உறுதிப்படுத்த முற்காலத்தில் இருந்த வழக்கம் இது என்று தானே விளக்குகிறது. ஆகவே ஒன்று மற்றொன்றின் நேரடி நிறைவேற்றமா, அல்லது தொடர்புடைய வேறொரு வழக்கமா என்ற கேள்வி எழுகிறது. அறிஞர்கள் இன்றும் இதில் ஒத்துப்போவதில்லை. ஒத்தவாக்கியத்தைத் தொகுத்தவருடைய கருத்தே அந்த ஓரக்குறிப்பு. வேற்றுமைகளையும் எண்ணிப் பார்த்தால்தான் அதனால் பயன்.

இன்னும் சில ஒத்தவாக்கியங்கள் சிறு வெளிச்சங்களைத் தரும். நியாயாதிபதிகள் 17:7, 19:1 ஆகிய இரண்டு கொடிய கதைகளிலும் பெத்லகேம் வருகிறது; அவற்றை வாசித்துவிட்டு ரூத் 1:1-க்கு வந்தால் அதே காலத்தின் இன்னொரு முகம் தெரியும். 1 சாமுவேல் 22:3-4-இல் தாவீது தன் பெற்றோரை மோவாப் ராஜாவிடம் ஒப்படைக்கிறான். நான்காம் அதிகாரத்தின் இறுதிப் பட்டியலை மத்தேயு 1:5-ஓடு ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

சொல்லடைவும் எண்களும்

கன்கார்டன்ஸ் என்று பலரும் சொல்லும் சொல்லடைவில் ஒரு சொல் வேதாகமத்தில் எங்கெங்கே வருகிறது என்று பார்க்கலாம். தமிழ்ச் சொல்லை வைத்துத் தேடுவது சில நேரங்களில் மிகச் சரியாக வேலை செய்யும். ரூத் 3:11-இல் உள்ள "குணசாலி" என்ற சொல்லைத் தேடினால் நீதிமொழிகள் 12:4, 31:10 ஆகியவை கிடைக்கும்; எபிரெயத்திலும் அந்தச் சொற்றொடர் இந்த மூன்று இடங்களில்தான் வருகிறது. பல எபிரெயக் கையெழுத்துப் பிரதிகளில் நீதிமொழிகளை அடுத்து உடனே ரூத் வருவதையும் இதோடு சேர்த்து நினைக்கலாம். நமது வேதாகமத்தில் அது நியாயாதிபதிகளுக்கு அடுத்து நிற்பது கிரேக்க மொழிபெயர்ப்பின் வரிசையைப் பின்பற்றியதால்.

ஆனால் அதே தேடல் 3:9-இல் கைவிட்டுவிடும். 2:12-இல் ரூத் கர்த்தருடைய "செட்டைகளின்கீழ்" அடைக்கலம் வந்தவள் என்று போவாஸ் சொல்கிறான்; 3:9-இல் உம்முடைய "போர்வையை" விரியும் என்று ரூத் அவனிடம் கேட்கிறாள். எபிரெயத்தில் இரண்டும் ஒரே சொல்தான்: கானாஃப். அவன் வாழ்த்தாகச் சொன்னதை அவனே நிறைவேற்றும்படி அவள் கேட்கிறாள் என்பது தமிழ்ச் சொல்லடைவில் அகப்படாது. இங்கேதான் ஜேம்ஸ் ஸ்ட்ராங் 1890-இல் வெளியிட்ட சொல்லடைவின் எண்கள் உதவுகின்றன. அவர் எபிரெய, அரமேயச் சொற்களுக்கு 1 முதல் 8674 வரை எண் கொடுத்திருக்கிறார். எண்ணுக்கு மொழி கிடையாது என்பதால், எபிரெய எழுத்து தெரியாத தமிழ் வாசகருக்கு அது பாலமாகிறது.

செய்யும் முறை எளிது. தமிழில் வசனத்தை முடிவு செய்துகொண்டு, எண்கள் இணைக்கப்பட்ட கிங் ஜேம்ஸ் ஆங்கிலப் பதிப்பில் அதே வசனத்தைத் திறக்கவேண்டும். ப்ளூ லெட்டர் பைபிள், விண்டோஸ் கணினிக்கான ஈ-ஸ்வோர்டு, கேம்பிரிட்ஜில் உள்ள டின்டேல் ஹவுஸின் ஸ்டெப் பைபிள் ஆகிய மூன்றும் இலவசம். ஏதாவது ஒன்று போதும். உரிய சொல்லைத் தொட்டால் 3671 என்ற எபிரெய எண் வரும். அந்த எண் வரும் வசனங்களின் பட்டியலை எடுத்து, அவற்றை மீண்டும் தமிழில் திறந்து வாசிக்கவேண்டும். அப்படிப் போகும்போது எசேக்கியேல் 16:8 கிடைக்கும்: தேவன் எருசலேமின்மேல் வஸ்திரத்தை விரித்து உடன்படிக்கை செய்யும் இடம். களத்தில் ரூத் கேட்டது திருமணம் என்பதற்கு அந்த ஒரு வசனம் பல பக்க விளக்கத்தைவிடத் தெளிவான சான்று.

இந்தக் கருவியால் கெட்டுப்போன பிரசங்கங்களும் உண்டு. எண்ணுக்குக் கீழே ஸ்ட்ராங் தரும் பட்டியல், அந்தச் சொல் கிங் ஜேம்ஸ் பதிப்பில் எப்படியெல்லாம் மொழிபெயர்க்கப்பட்டிருக்கிறது என்பதன் தொகுப்பு. அதிலிருந்து பிடித்த பொருளை எடுத்து எந்த வசனத்திலும் ஒட்டிவிட முடியாது. "குணசாலி" என்பதில் உள்ள ஹயில் என்ற சொல்லுக்கு (எண் 2428) வலிமை, செல்வம், சேனை ஆகிய பொருள்களும் உண்டு. அதற்காக ரூத்துக்குப் படை இருந்தது என்று யாரும் சொல்வதில்லை. ஆனால் இதே தவறு குறைவாகக் கண்ணுக்குத் தெரியும் இடங்களில் தாராளமாக நடக்கிறது. பொருளை முடிவு செய்வது அந்த வாக்கியமும் அதைச் சூழ்ந்த பகுதியுமே.

அகராதி, அளவை, வரைபடம்

வேதாகம அகராதியிடம் கேட்கவேண்டியது வழக்கங்களைப் பற்றி. "சுதந்தரவாளி" என்று ரூத்தில் வருகிற உறவினனின் கடமைகள் ஒரே இடத்தில் சொல்லப்படவில்லை. தரித்திரப்பட்டவன் விற்ற காணியை மீட்பது லேவியராகமம் 25:25-இல், கொலையுண்டவனுக்காகப் பழிவாங்குவது எண்ணாகமம் 35:19-இல் இருக்கிறது. "என் மீட்பர் உயிரோடிருக்கிறார்" என்று யோபு 19:25 சொல்வதும் அதே எபிரெயச் சொல்லை வைத்துத்தான். நல்ல அகராதிக் கட்டுரை இவற்றை ஒன்றாய்க் கட்டித் தரும். கட்டுரையை வாசித்தவுடன் அது காட்டும் வசனங்களைத் திறந்து சரிபார்ப்பதை விட்டுவிடக்கூடாது.

அளவைகளில் பழைய மொழிபெயர்ப்பு நமக்குப் பழகிய பெயர்களைப் பயன்படுத்துவதால், தெரிந்ததுபோல் கடந்துவிடுகிறோம். 2:17-இல் "ஒரு மரக்கால்" என்று இருப்பது எபிரெயத்தில் ஒரு எப்பா. அது ஏறக்குறைய 22 லிட்டர் என்பது பல அகராதிகள் தரும் கணக்கு. ஒரு நாள் பொறுக்கினதற்கு அது மிகப் பெரிய அளவு, அவளுடைய மாமியார் நகோமி வியந்து கேட்பது அதனால்தான். 3:15-இல் "ஆறுபடி" என்று வாசிக்கிறோம். எபிரெயத்தில் ஆறு என்ற எண் மட்டுமே இருக்கிறது, அளவின் பெயர் இல்லை. ஆறு எப்பா என்றால் 130 லிட்டருக்கு மேல், ஒரு பெண் போர்வையில் கட்டிச் சுமக்க முடியாது. எப்பாவில் மூன்றில் ஒரு பங்கான சேயா என்று கொண்டால் சுமார் 44 லிட்டர், பத்தில் ஒரு பங்கான ஓமர் என்றால் சுமார் 13 லிட்டர். சுமக்கக்கூடியது எது என்று கணக்குப் போட்டே விளக்கவுரையாளர்கள் முடிவுக்கு வருகிறார்கள் என்று தெரிந்தால், அவர்கள் ஏன் வேறுபடுகிறார்கள் என்பதும் தெரியும்.

வரைபடத்தில் பெயர்களை மட்டும் பார்க்காமல் உயரங்களையும் பாருங்கள். எருசலேமுக்குத் தெற்கே ஏறக்குறைய 9 கிலோமீட்டர் தொலைவில் உள்ள பெத்லகேம் கடல்மட்டத்துக்கு மேல் 750 மீட்டருக்கும் அதிக உயரத்தில் இருக்கிறது. சவக்கடலின் நீர்மட்டமோ கடல்மட்டத்துக்குக் கீழே 400 மீட்டருக்கும் அதிகம். மோவாப் அதற்கு அப்பால் மேட்டுநிலம். நகோமி, ரூத் என்ற இரண்டு விதவைகளும் அங்கிருந்து எந்த வழியாக வந்தார்கள் என்று புத்தகம் சொல்லவில்லை. எந்த வழியானாலும் பள்ளத்தாக்கில் இறங்கி, ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏறித்தான் வாற்கோதுமை அறுப்புத் தொடங்கும் நேரத்தில் பெத்லகேமுக்கு வந்திருக்கவேண்டும்.

விளக்கவுரையைக் கடைசியில்

விளக்கவுரையை முதலில் திறந்தால் அதன் கேள்விகள் உங்கள் கேள்விகளை விழுங்கிவிடும். மேலே சொன்ன வேலைகள் முடிந்த பிறகு, விடை கிடைக்காத கேள்விகளோடு அதனிடம் போகவேண்டும். ஒன்றை மட்டும் நம்பாமல், இரண்டையாவது ஒப்பிடுவது நல்லது.

இலவசமாகக் கிடைப்பவை பெரும்பாலும் பழையவை என்பதையும் மனதில் வைக்கவேண்டும். பல செயலிகளிலும் இருக்கும் விளக்கவுரையை எழுதிய மத்தேயு ஹென்றி 1714-இல் இறந்தவர். தரங்கம்பாடியில் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்ததே 1715-இல்தான். பக்திக்குரிய சிந்தனைக்கு அவர் இன்றும் பயன்படுவார். ஆனால் 1947 முதல் கிடைத்த சவக்கடல் சுருள்கள் என்ற பழங்காலக் கையெழுத்துப் பிரதிகளை அவரும் அறியார், ஸ்ட்ராங்கும் அறியார். அந்தச் சுருள்கள் கிடைத்த இடமான கும்ரானில் ரூத்தின் நான்கு பிரதிகளின் துண்டுகள் கிடைத்துள்ளன. மூலபாடத்தைப் பற்றிய கேள்விகளுக்கு அண்மைக்கால விளக்கவுரை தேவைப்படுவது இதனால்தான். 3:15-இன் முடிவில் நகரத்துக்குள் போனது போவாஸா, ரூத்தா என்பது அத்தகைய கேள்வி: வழக்கமான எபிரெய பாடம் "போனான்" என்கிறது, சில எபிரெயப் பிரதிகளும் சீரிய, இலத்தீன் மொழிபெயர்ப்புகளும் "போனாள்" என்கின்றன. உங்கள் கையில் உள்ள மொழிபெயர்ப்புகள் எதைத் தேர்ந்திருக்கின்றன என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நோட்டில் எழுதும்போது வசனம் சொல்வது, துணைநூல் சொல்வது, நான் ஊகிப்பது ஆகிய மூன்றையும் தனித்தனிப் பத்திகளில் எழுதிவைத்தால், ஆறு மாதம் கழித்து வேதபாட வகுப்பில் அதை எடுத்துப் பேசும்போது எது எங்கிருந்து வந்தது என்று தடுமாறவேண்டியிராது. விடை கிடைக்காத கேள்விகளை அடித்துவிடாமல் அப்படியே விட்டுவைக்கலாம்.

ரூத்தை முடித்தவர்கள் அடுத்ததாக 48 வசனங்கள் கொண்ட யோனாவை எடுத்துக்கொள்ளலாம். கிரேக்கத் துணைநூல்களுக்குப் பழகவேண்டுமானால் 25 வசனங்களே உள்ள பிலேமோன் நல்ல தொடக்கம். ஸ்ட்ராங் கிரேக்கச் சொற்களுக்குத் தனி எண்வரிசை வைத்திருப்பதால், எண் எந்த மொழிக்குரியது என்பதையும் சேர்த்தே குறித்துக்கொள்ளவேண்டும்.