ஊர்ப் பங்குக்குப் போகிறீர்களா? ஒரு காலைப்பொழுதை ஒதுக்குங்கள்

வெளிநாட்டிலிருந்து புதுவைக்கு வரும் நம் கத்தோலிக்க உறவுகள் பலர் கோவிலுக்குப் போய் மெழுகுவர்த்தி ஏற்றி, படம் எடுத்துக்கொண்டு, அன்று மாலையே சென்னைக்குக் கிளம்பிவிடுகிறார்கள். எனக்கு அது ஆறாத வருத்தம். உங்கள் சொந்தப் பங்குக்கு, அதாவது உங்கள் குடும்பம் சேர்ந்த கோவில் வட்டாரத்துக்கு, வார நாள் ஒன்றில் ஒரு முழுக் காலைப்பொழுதைக் கொடுங்கள்.

காலைத் திருப்பலி (பூசை) முடிந்ததும் பங்கு அலுவலகத்துக்குப் போங்கள். ஞானஸ்நானப் பதிவேடு அங்கேதான் இருக்கும். பெற்றோர், ஞானப்பெற்றோர் பெயர்கள் வரிசையில் இருக்க, உறுதிபூசுதலும் திருமணமும் பக்க ஓரத்தில் பிற்பாடு குறிக்கப்பட்டிருக்கும். தாத்தா வீட்டில் சூசை என்று அழைக்கப்பட்டிருந்தாலும் பழைய ஏட்டில் ஜோசப் என்றே இருக்கக்கூடும். பிறந்த ஆண்டும் தெருப்பெயரும் கையில் இருந்தால் தேடுவது எளிது. ஏட்டை நீங்களே புரட்டக் கேட்காதீர்கள். விவரத்தை எழுதிக் கொடுத்துவிட்டு இரண்டு நாள் பொறுங்கள்.

ஊரில் திருமணம் வைக்க நினைப்பவர்கள் இன்னும் முன்னதாகத் தொடங்க வேண்டும். புதிதாக வாங்கிய ஞானஸ்நானச் சான்றிதழ், நீங்கள் வாழும் நாட்டுப் பங்கிலிருந்து மணமாகாதவர் என்னும் கடிதம், மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பு (கோவிலில் திருமண அறிவிப்பு) என்று வேலைகள் இருக்கின்றன. மண்டபத்துக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்பே பங்குத்தந்தைக்கு எழுதுங்கள்.

பிறகு கல்லறைத் தோட்டம். நவம்பர் 2, கல்லறைத் திருநாளுக்கு வர முடிந்தால் அதைவிட நல்ல நாள் இல்லை. அதற்கு முன்பே குடும்பங்கள் வந்து புல் செதுக்கி, கல்லறையைக் கழுவிச் சுண்ணாம்பு அடித்திருப்பார்கள். அன்று சாமந்தி மாலையும் மெழுகுவர்த்தியுமாகத் தோட்டம் நிறைந்துவிடும். சாமியார் ஒவ்வொரு வரிசையாகத் தீர்த்தம் தெளித்துக்கொண்டு வருவார். பக்கத்துக் கல்லறையைத் துடைத்துக்கொண்டிருக்கும் பெரியம்மாவிடம் உங்கள் வீட்டுப் பெயரைச் சொல்லிப் பாருங்கள். உறவுமுறை அங்கேயே கிளம்பிவிடும். அது வடகிழக்குப் பருவமழைக் காலம் என்பதால் குடையும், காற்றில் அணையாதபடி கண்ணாடி மூடிய விளக்கும் எடுத்துச் செல்லுங்கள்.

கோவில்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். சம்பா கோவில் என்று நம் மக்கள் சொல்லும் மிஷன் வீதி ஜென்மராக்கினி மாதா பேராலயம் இப்போதுள்ள வடிவில் 1791இல் முடிந்தது. முந்தைய கோவில் 1761இல் ஆங்கிலேயர் ஊரைப் பிடித்தபோது அழிந்தது. ரயில் நிலையத்துக்கு அருகே இருக்கும் இருதய ஆண்டவர் கோவில் 2011இல் பசிலிக்காவானது (திருத்தந்தை தரும் சிறப்புத் தகுதி). அதன் வண்ணக் கண்ணாடிச் சன்னல்களைக் காலை வெயிலில் பாருங்கள். டுமாஸ் வீதியில் இருக்கும் தேவதூதர்களின் அன்னை கோவிலில் பிரெஞ்சுத் திருப்பலி உண்டு. பிரான்சில் பிறந்த பிள்ளைகளுக்கு அது எளிதாக இருக்கும். ஆனாலும் ஒரு தமிழ்ப் பூசைக்காவது அவர்களை உட்கார வையுங்கள், பாட்டுக்காகவேனும். உயிர்ப்புப் பெருவிழா (ஈஸ்டர்) முடிந்து ஊரில் தங்குபவர்கள் வில்லியனூர் லூர்து மாதா திருவிழாவைத் தவறவிடக் கூடாது. விருத்தாசலம் பக்கம் போனால் கோணான்குப்பத்தில் வீரமாமுனிவர் எழுப்பிய பெரியநாயகி மாதா கோவில் இருக்கிறது.

இறந்தவர்களுக்குப் பூசை கேட்பதென்றால் முந்தின நாளே அலுவலகத்தில் பெயரை எழுதிவையுங்கள். உங்கள் தெரு எந்த அன்பியத்தில் (அக்கம்பக்கக் குடும்பங்கள் கூடி ஜெபிக்கும் குழு) இருக்கிறது என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். அன்பியக் கூட்டம் வீடுகளில்தான் நடக்கும். யாராவது அழைத்தால் தயங்காமல் போங்கள்.

காணிக்கை விஷயத்தில் ஒன்று. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் தம் சொந்தப் பணத்தை வங்கி வழியாகக் கொடுத்து ரசீது வாங்கலாம். பிரெஞ்சுக் குடிமக்களும், ஓ.சி.ஐ. அட்டை (இந்திய வம்சாவளி வெளிநாட்டுக் குடிமக்களுக்கு இந்திய அரசு தரும் அட்டை) உள்ளவர்களும் கொடுப்பது 2010ஆம் ஆண்டு வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டப்படி வெளிநாட்டுப் பங்களிப்பு. அதைப் பெற அரசுப் பதிவும், டெல்லி ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையில் தனிக் கணக்கும் வேண்டும். ஆகவே திருவிழா உபயத்துக்கோ கூரை வேலைக்கோ பெருந்தொகை கொடுக்க விரும்பினால், பங்குத்தந்தையிடம் முதலில் வழியைக் கேளுங்கள். அவசரத்தில் நோட்டுக்கட்டை நீட்டினால் சிக்கல் அவருக்குத்தான்.